பொக்கு

பீச்சிலோ பஸ் ஸ்டாண்டிலோ வறுத்த வேர்க்கடலை வாங்கியிருப்பீர்கள். ஓட்டோடு வறுத்தது. ஒன்றை எடுத்து விரலால் அழுத்துவீர்கள். ‘டப்’பென்று உடையும். உள்ளே ஒன்றும் இருக்காது. ஓடு பார்க்க அம்சமாக, இடுப்பு வளைவோடு, வரி வரியாகத்தான் இருக்கும். உள்ளே வெறும் காற்று. ‘ச்சே, பொக்கு’ என்று தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த கடலைக்குப் போய்விடுவீர்கள். மொத்த துக்கமும் அரை விநாடி.

2018 ஏப்ரலுக்குப் பிறகு எனக்கு அந்த அரை விநாடி போதுவதில்லை. காரணம் இருக்கிறது. ஒரு முழு கொல்லையைப் பொக்கு ஆக்கிய பெருமை எனக்கு உண்டு. அதுவும் என் கொல்லை இல்லை, சித்தப்பாவுடையது.

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட், அதைத் தாண்டினால் பாலன்ஸ் ஷீட். பிறகு பத்திரிகைக்கு வந்து இருபது வருஷமாக எல்லா விஷயத்தைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லா விஷயமும் என்றால் புரிகிறதல்லவா? எதுவும் முழுசாகத் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி எழுத வரும். ஆபீஸுக்குள் இருக்கும்வரை இதனால் யாருக்கும் பெரிய ஆபத்தில்லை. ஊருக்குப் போகும்போதுதான் வினை.

சித்தப்பாவுக்குத் திண்டிவனம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் கொல்லை. செம்மண்ணும் மணலும் கலந்த பூமி. ஒரு கிணறு. ஆடியில் மழையை நம்பி ஒரு போகம், மார்கழியில் கிணற்றை நம்பி ஒரு போகம். இரண்டும் மல்லாட்டைதான். சென்னைக்காரர்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் வேர்க்கடலை என்பதை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகித் தேய்ந்த பெயர். பிறந்த ஊர் தென் அமெரிக்கா, பேர் பிலிப்பைன்ஸ் தலைநகரம், வாழ்க்கைப்பட்டது விழுப்புரம் மாவட்டத்தில். நாட்டில் எங்கே போய் டி.எம்.வி. ரகம் என்று சொன்னாலும் நிலக்கடலை விவசாயிக்குத் தெரியும். அந்த டி.எம்.வி. எங்கள் திண்டிவனம்தான். இங்கே உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகங்களுக்கு அந்தப் பேர். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, அந்த நிலையத்தின் வாசலை மிதிக்க அப்போது தோன்றவில்லை. பக்கத்து ஊர் டாக்டரிடம் யார் போகிறார்கள்?

2018 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். கையில் கரும்புக்குப் பதில் நான்கு பெரிய பிளாஸ்டிக் பாட்டில்கள். அதற்கு ஒரு மாசம் முன்பு ஏதோ கட்டுரைக்காக இலைவழி உரம் பற்றிப் படித்திருந்தேன். படிக்கப் படிக்க ஒரே ஆச்சரியம். செடி வேரால் மட்டும் சாப்பிடுவதில்லை. இலை மேல் தெளித்தால் அந்த வழியாகவும் எடுத்துக்கொள்ளும். இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, போரான் மாதிரியான நுண்ணூட்டங்கள் கிராம் கணக்கில்தான் வேண்டும். அந்தக் கிராம் இல்லாவிட்டால் மூட்டை மூட்டையாகப் போட்ட யூரியாவும் பிரயோஜனப்படாமல் நிற்கும்.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஏனென்றால் இது பெட்டி கேஷ் சமாசாரம். கம்பெனிக்கு பேங்கில் கோடி ரூபாய் இருக்கும். கூரியர்காரனுக்குக் கொடுக்க மேஜை டிராயரில் ஐம்பது ரூபாய் இருக்காது. டெண்டர் கவர் போகாது. கோடி ரூபாய் ஆர்டர் கையை விட்டுப் போகும். நுண்ணூட்டம் அந்த ஐம்பது ரூபாய்.

உதாரணம் பிரமாதம் இல்லையா? கட்டுரையில் எழுதிவிட்டேன். அந்தப் பெருமிதத்திலேயே ஒரு கடையில் போய், மல்லாட்டைக்கு எது நல்லது என்று கேட்டு, கடைக்காரர் எடுத்து வைத்ததை வாங்கிக்கொண்டேன். லேபிளில் பெரிய பட்டியல். துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, தாமிரம், மெக்னீசியம், கால்சியம், கூடவே அமினோ அமிலம். ஒரு ஜாதகத்தில் இருக்கும் கிரகங்களைவிட அதிகம்.

சித்தப்பாவின் பயிருக்கு அப்போது முப்பது நாள். களை எடுத்து, கீழே மஞ்சள் மஞ்சளாகப் பூ எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. அவர் வேறு கவலையில் இருந்தார்.

“இன்னும் பத்து பதினஞ்சு நாள்ல ஜிப்சம் போட்டு மண்ணு அணைக்கணும். ஆளு கெடைக்கல. எல்லாம் நூறு நாள் வேலைக்குப் பூடுதுங்க. வர்ற ரெண்டு பேரும் கேக்குற கூலிய பாத்தா...”

“எவ்வளவு ஜிப்சம் சித்தப்பா?”

“ஏக்கருக்கு நூத்தி அறுவது கிலோ. ரெண்டு ஏக்கருக்குக் கணக்கு பண்ணிக்கோ.”

பண்ணிக்கொண்டேன். அதுதானே என் படிப்பு. 320 கிலோ ஜிப்சம், வண்டி வாடகை, தூவக் கூலி, மண் அணைக்கக் கூலி. இந்தப் பக்கம் நான்கு பாட்டில், ஒரு ஸ்பிரேயர், அரை நாள். லேபிளில் கால்சியம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஜிப்சம் எதற்கு? கால்சியத்துக்கும் கந்தகத்துக்கும்தானே? அதை இலை மேலேயே அடித்துவிட்டால் ஆச்சு.

“ஜிப்சம் வேண்டாம் சித்தப்பா. அது அந்தக் காலம்” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் மூன்றாவதோடு நிறுத்தியவர். நான் சென்னையில் பத்திரிகையில் இருப்பவன். அவருக்கு என் மேல் எப்போதுமே ஒரு மரியாதை. அதுதான் அன்றைக்குக் குறுக்கே வந்தது.

“நீ சொன்னா செரிதான் கண்ணு” என்றார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தப் போகத்தின் விதை, உழவு, களை வெட்டு எல்லாம் சித்தியின் மூன்று சவரன் சங்கிலியில் நடந்தது. கார்த்திகையில் அடகுக்குப் போனது. சித்திரையில் காய் விற்றுத் திருப்ப வேண்டும் என்பது பேச்சு. அவர்கள் வீட்டில் அது வருஷா வருஷம் நடப்பதுதான். சங்கிலி வீட்டில் இருந்ததைவிடப் பெட்டகத்தில் இருந்த நாள்தான் அதிகம். ‘நான் போடுறதுக்காக வாங்கல, வெக்கிறதுக்காக வாங்குனது’ என்று சித்தி சிரிப்பார். அந்தச் சங்கிலி எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

இரண்டு முறை பாட்டில் மருந்து அடித்தார்கள். பிப்ரவரியில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கொல்லை அப்படியே பச்சைக் கம்பளம். இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு. ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினேன். ‘என் ஃபார்முலா’ என்று சொன்னதாக ஞாபகம். ‘எங்கள் சித்தப்பா கொல்லை’ என்றுகூடச் சொல்லவில்லை.

மார்ச் கடைசியில் பிடுங்கினார்கள். சனிக்கிழமை என்பதால் நானும் போயிருந்தேன். செடியைப் பிடித்து இழுத்தால் கொத்தாகக் காய் வந்தது. நான் மனசுக்குள் மூட்டை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, காய் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மா ஒன்றை அமுக்கினார். டப். இன்னொன்று. டப். இன்னொன்று. அதில் ஒரு பருப்பு, அதுவும் சுருங்கி, கிழவர் முகம் மாதிரி.

“இன்னாண்ணே இது, பந்தல் போட்டு மேளம் வெச்சு எல்லாம் ஜோராத்தான் கீது. எலையில சோத்தக் காணுமே!”

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். நான் வரப்பு பக்கம் போய் போன் வந்த மாதிரி நின்றுகொண்டேன்.

கமிட்டிக்குக் கொண்டுபோனோம். அங்கே யாரும் செடியின் பச்சையைப் பார்ப்பதில்லை. ஒரு வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, உடைத்துப் பருப்பை உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தார். நல்ல மல்லாட்டை என்றால் ஒரு கிலோ காயில் 700 கிராம் வாக்கில் பருப்பு தேறும். எங்களுடையது அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டியது. தேறியதிலும் சுருங்கல் பாதி. சுருங்கின பருப்பில் எண்ணெயும் குறைவு, வைத்திருந்தால் சீக்கிரம் காறிப்போகும். செக்குக்காரர்கள் அதைத் தொட மாட்டார்கள். நீங்கள் மரச்செக்கு எண்ணெய் என்று விலை கொடுத்து வாங்குகிறீர்களே, அதன் தரம் செக்கில் ஆரம்பிப்பதில்லை. மண்ணுக்குள் காய் எப்படி ரொம்பியது என்பதில் ஆரம்பிக்கிறது.

அன்றைக்கு வந்த பணத்தில் கூலி பாக்கியும் வட்டியும் போயிற்று. சங்கிலி திரும்பவில்லை. திரும்பி வரும் வழியில் சித்தப்பா டீ வாங்கிக் கொடுத்தார். பேசிய ஒரே வார்த்தை, “வெயில்ல வந்துட்ட, மூஞ்சி கறுத்துப் போச்சு.” திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

மறுநாள் ஐந்தாறு செடிகளை வேரோடும் காயோடும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு திண்டிவனம் நிலையத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. பூட்டியிருந்தது. பத்திரிகைக்காரன் புத்தி பாருங்கள். லீவைச் சொல்லித் திங்கட்கிழமையும் தங்கினேன்.

அங்கிருந்த ஒரு விஞ்ஞானி செடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் கேள்வியே, “ஜிப்சம் போட்டீங்களா?”

போடவில்லை என்றேன். யார் சொன்னது என்று கேட்கவில்லை. அந்த வகையில் தப்பித்தேன்.

அவர் சொன்னதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாகக் கடலை தின்கிறோம், எனக்கு இது தெரியாது. மல்லாட்டைப் பூ மண்ணுக்கு மேலே பூக்கிறது. கரு கூடினதும் அங்கிருந்து ஒரு ஊசி மாதிரிக் கிளம்பிக் கீழே இறங்குகிறது. அதற்கு விழுது என்று பேர். ஆலமரத்து விழுது மாதிரியே. அது மண்ணைத் துளைத்து உள்ளே போய், நுனி பருத்துக் காயாகிறது. இது வரைக்கும் பள்ளிக்கூடத்துப் பாடம். அடுத்ததுதான் சங்கதி. காய்க்கு வேண்டிய மற்ற சத்தெல்லாம் தாய்ச்செடி அனுப்பிவிடும். கால்சியத்தை மட்டும் அப்படி அனுப்ப முடியாது. காய் தன்னைச் சுற்றியிருக்கும் ஈர மண்ணிலிருந்து, தன் ஓட்டு வழியாகத் தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.

“ஏன் சார் அப்படி? பிள்ளைக்கு அம்மா தர மாட்டாளா?”

“தரத்தான் பாப்பா. ரோடு இல்லையே” என்றார். வேரிலிருந்து மேலே ஏறும் தண்ணீரோடுதான் கால்சியம் போகும். தண்ணீர் எங்கே போகிறது? வெயிலில் ஆவியாகிற இலைக்கு. மண்ணுக்குள் புதைந்த காயில் ஆவியாக வழியில்லை. அதனால் அந்தத் தண்ணீர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. இலையிலிருந்து சர்க்கரை கீழே இறங்கிவர வேறு பாதை உண்டு. அந்தப் பாதையில் கால்சியம் ஏறாது. இலைக்கு வந்த கால்சியம் இலையிலேயே செட்டில்.

பி.காம்.காரனுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், மேல் கிளையில் டெபாசிட் குவிந்து கிடக்கிறது. கீழ்க் கிளைக்கு டிரான்ஸ்ஃபர் வசதி இல்லை. நான் மேல் கிளையில் மறுபடி மறுபடி டெபாசிட் கட்டியிருக்கிறேன். இலை மினுமினுத்தது. கீழே காய் பட்டினி கிடந்தது.

அதனால்தான் நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில், விழுது இறங்குகிற நேரத்தில், அது இறங்குகிற இடத்திலேயே ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். எங்கள் மாதிரி மணல் சாரியான நிலத்தில் கால்சியம் ஏற்கெனவே கம்மி. ‘அந்தக் காலம்’ என்று நான் சொன்னேனே, அந்த மூன்றாம் கிளாஸ் மனிதர் காரணம் தெரியாமலேயே சரியான நாளில் சரியான இடத்தில்தான் அதைப் போட்டுக்கொண்டிருந்தார். கூடவே கந்தகமும் அதில் கிடைக்கும். எண்ணெய் வித்துக்குக் கந்தகம் இல்லாமல் எண்ணெய் ஏறாது.

“அப்ப இலைவழி உரமெல்லாம் ஏமாத்து வேலையா சார்?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பருப்பை எடுத்து இரண்டாகப் பிளந்து காட்டினார். நடுவில் குழி விழுந்து பழுப்பாக இருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. போரான் பற்றாக்குறை. “இதுக்கு எலை மேல அடிச்சா வேலை செய்யும். நீங்க அடிச்சதுல போரான் இருந்துதா?”

பாட்டிலின் லேபிள் படம் போனில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். அத்தனை கிரகங்கள் இருந்தன. போரான் மட்டும் இல்லை!

விஷயம் இவ்வளவுதான். இலைவழி ஊட்டம் நூறு வருஷத்துக்கும் மேல் பழைய சமாசாரம். 1840களிலேயே பிரான்சில் க்ரீ என்பவர், வெளிறிய இலையில் இரும்பு உப்பைத் தடவி அது பச்சையாவதைப் பார்த்திருக்கிறார். போரான் இல்லாமல் செடி பிழைக்காது என்று 1923-ல் நிரூபித்தவர் இங்கிலாந்தில் காதரின் வாரிங்டன் என்ற பெண்மணி, அவரைக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றை வைத்து. சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்பு நிறைய இருக்கும். ஆனால் வேருக்குக் கிடைக்காதபடி இறுகிப்போய் இருக்கும். முடக்கப்பட்ட பேங்க் அக்கவுண்ட் மாதிரி. பாஸ்புக்கில் தொகை தெரியும், எடுக்க முடியாது. அப்போது இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வரும். மண்ணில் இன்னும் இரும்பைக் கொட்டினால் அதுவும் முடங்கும். லிட்டருக்கு 10 கிராம் அன்னபேதியைக் கரைத்து இலையில் அடித்தால் பச்சை திரும்பும். அன்னபேதி தெரியுமல்லவா? நம் நாட்டு மருந்துக் கடையில் ரத்த சோகைக்கு என்று கேட்டால் ஞாபகம் வைத்திருப்பார்கள். சோகை மனுஷனுக்கு வந்தாலும் மல்லாட்டைக்கு வந்தாலும் மருந்து இரும்புதான்.

ஆனால் குறை எங்கே என்று தெரியாமல் டானிக் ஊற்றினால், கடைக்காரருக்கு மட்டும் தேக புஷ்டி. இல்லாத குறைக்குப் போட்ட சத்து வீண். போரான் மாதிரி சிலது வீணாவதோடு நிற்காது. பற்றாததற்கும் மிஞ்சுவதற்கும் நடுவில் இடைவெளி ரொம்பச் சின்னது. கொஞ்சம் கூடினால் இலை ஓரம் கருகிவிடும். நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான மண்ணில் துத்தநாகம் போதவில்லை என்பது கணக்கு. 2015-ல் ஆரம்பித்த மண்வள அட்டையில் துத்தநாகம், போரான், இரும்பு எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. சித்தப்பாவிடமும் ஒரு அட்டை இருந்தது. டி.வி. பெட்டிக்கு அடியில், ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்தார்கள். குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கால்சியம், ரோடு, கிளை, டிரான்ஸ்ஃபர். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப எங்கப்பா சொன்னதுதான்” என்றார். “காயி வாயில ஊட்டணும், எலை வாயில ஊட்டக் கூடாதும்பாரு. நான் ஏதோ பழமொழின்னு நெனச்சேன்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே சித்தப்பா!”

“நீ படிச்சவன் ஆச்சே.”

சித்தி அப்போது அடுப்பங்கரையிலிருந்து வந்து தண்ணீர் சொம்பை வைத்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். நான் பணம் தருகிறேன், சங்கிலியைத் திருப்பிவிடலாம் என்றேன். நிஜமாகவே சொன்னேன். சித்தப்பா முகம் மாறிவிட்டது. “அது கொல்லையில வந்த கடன். கொல்லைதான் அடைக்கணும்” என்றார். மேலே பேசவிடவில்லை.

ஆடிப் போகம் மழைக்கு ஏற்ற மாதிரி ஏதோ வந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த மார்கழிக்கு முன்னால் மண் எடுத்துக் கொடுத்துச் சோதித்தோம். துத்தநாகம் கம்மி, போரான் கம்மி, இரும்பு போதுமானது. துத்தநாக சல்பேட்டை விதைக்கும்போதே மணலில் கலந்து மண்ணில் போட்டாயிற்று. போரானுக்குப் பாட்டில் வாங்கவில்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரொம்ப நாளாகச் சொல்லிவரும் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. ஏக்கருக்கு டி.ஏ.பி. ஒரு கிலோ, அம்மோனியம் சல்பேட் 400 கிராம், போராக்ஸ் 200 கிராம். ராத்திரி பதினைந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் தெளிவை வடிகட்டி, 200 லிட்டராக்கி, 25-ஆம் நாளும் 35-ஆம் நாளும் தெளிக்க வேண்டும். அலுப்பாக இருந்தால் எல்லாம் சேர்த்துப் பொடியாகவே நிலக்கடலை ரிச் என்ற பேரில் பல்கலைக்கழகத்தில் கிடைக்கிறது. ஏக்கருக்கு இரண்டு கிலோ, பூ நன்றாக எடுக்கும்போது ஒரு தரம், காய் பிடிக்கும்போது ஒரு தரம். சித்தப்பாவுக்குக் கைவைத்தியம்தான் பிடித்தது. கண்ணால் பார்த்துப் போட்டது என்று ஒரு நிம்மதி.

2019 போகிக்கு முதல் நாள் ராத்திரி, நீலநிற பிளாஸ்டிக் டிரம்மில் ஊறவைத்தோம். போராக்ஸ் பொட்டலத்தைப் பிரித்ததும் சித்தி, “இது வெண்காரம் ஆச்சே! கொழந்தைங்களுக்கு வாய்ப்புண்ணுக்குத் தேன்ல கொழைச்சுத் தடவுவாங்களே” என்றார். ஆமாம், வெண்காரம்தான். (இப்போது யாரும் குழந்தை வாயில் தடவிவிடாதீர்கள், அது நஞ்சு என்று டாக்டர்கள் சொல்லியாயிற்று.) ஆசாரிகள் தங்கத்தைப் பற்றவைக்க வைத்திருப்பதும் இதையேதான். சித்தியின் சங்கிலியில் இருக்கும் ஒவ்வொரு கண்ணியும் ஒரு துளி வெண்காரத்தில் ஒட்டினதாகத்தான் இருக்கும்.

எனக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. 200 கிராம் வெண்காரத்தில் சுத்தமான போரான் சுமார் 22 கிராம். மூன்று சவரன் என்பது 24 கிராம். ஒரு ஏக்கர் மல்லாட்டைக்கு ஒரு தடவைக்கு வேண்டிய போரான், அடகில் இருக்கும் சங்கிலியைவிடக் கொஞ்சம் கம்மி. இதைச் சித்தியிடம் சொன்னேன். “அதுக்கும் வட்டி உண்டா?” என்றார்.

காலையில் வெயில் ஏறுமுன் அடித்து முடித்தார். உச்சி வெயிலில் அடித்தால் காய்ந்து உப்பாகி இலையைப் பொசுக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓரமாக நான்கு வரிசையை அடிக்காமல் விட்டுவிட்டார்.

“ஏன் சித்தப்பா, மருந்து பத்தலையா?”

“பத்தும். இது அடிச்சதால வந்துதா, ஜிப்சத்தால வந்துதான்னு எப்படித் தெரியும்? இந்த வாட்டி நான் கணக்கு பாக்கணும்.”

எனக்குச் சுருக்கென்றது. பி.காம். படித்தது யார்?

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. பிப்ரவரி கடைசியிலேயே கிணறு கீழே போய்விட்டது. கடைசி இரண்டு தண்ணீர் சரியாகக் கட்ட முடியவில்லை. விளைச்சல் மூட்டைக் கணக்கில் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிடுங்கிய காயை அமுக்கினால் ‘டப்’ சத்தம் அபூர்வமாகத்தான் வந்தது. வியாபாரி உள்ளங்கையில் பருப்பை உருட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் நல்ல சரக்கு என்று அர்த்தம்.

அந்த நான்கு வரிசை? அதைத் தனியாக ஆய்ந்து தனிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். நான் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்த்தேன். வித்தியாசம் இருந்தது, ஆனால் என் எதிர்பார்ப்பு அளவுக்கு இல்லை. அடிக்காத வரிசையிலும் ஜிப்சம் போட்டிருந்ததால் ஓடு ரொம்பித்தான் இருந்தது. பருப்பைப் பிளந்து பார்த்தால் அதில் குழி விழுந்தது அதிகம், அடித்ததில் குறைவு. செடிக்குக் காய் ஒன்றிரண்டு கூடுதல். சித்தப்பா இரண்டையும் திண்ணையில் கொட்டி, பிளந்து பிளந்து அடுக்கி, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “ஜிப்சம் சோறு. இது உப்பு” என்றார். நான் இருபது வருஷமாக எழுதுகிறேன், எனக்கு பெட்டி கேஷ்தான் வந்தது.

சங்கிலி அந்தச் சித்திரையிலும் முழுசாகத் திரும்பவில்லை. பாதி அடைத்து, மறு அடகு வைத்தார்கள். அதற்கடுத்த வருஷம்தான் வீட்டுக்கு வந்தது. ஆறு மாசம் இருந்தது, திரும்பவும் போனது. நம் நாடு சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது என்று வருஷா வருஷம் செய்தி எழுதுகிறோம். அந்தச் செய்தியை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டகம் ஞாபகம் வருகிறது.

ஒவ்வொரு சித்திரையிலும் சித்தப்பா ஒரு பை பச்சை மல்லாட்டை அனுப்புவார். முன்பெல்லாம் கோயம்பேட்டில் போய் எடுப்பேன், இப்போது கிளாம்பாக்கம் வரை போக வேண்டியிருக்கிறது. குக்கரில் உப்பு போட்டு வேகவைத்து, ஹாலில் பேப்பர் விரித்து உட்கார்ந்து உடைப்போம். சரியாக அந்த நேரத்துக்கு போன் வரும்.

“வந்து சேந்துதா? எத்தினி பொக்கு?”

“ஏழு சித்தப்பா.”

“ஏழா? ரெண்டு கிலோவுக்கா?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஓரத்துக் காயா இருக்கும். அங்க ஜிப்சம் சரியா வுழல.”